நம் ஊருக்கு ரயில் வந்த வரலாறு

இறையருளால் விழாக் காணும் நம் பங்கின் மலரில், ஆலய வரலாற்றோடு நம் வட்டாரத்து ரயில் பாதையின் கதையையும் எழுதிவைப்பது நம் கடமை. ஏனெனில் இந்த விழாவுக்கு நம் பிள்ளைகளில் பலர் அதில்தான் வந்து இறங்குகிறார்கள்.

நம்முடையது வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணலாம். மழை பொய்த்தால் பருத்தி இல்லை. தறிக்கு நூல் வரவும், நெய்த சேலை சந்தைக்குப் போகவும் வழி வேண்டும்.

மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை 1876-ல் விருதுநகர் வழியாக அமைந்தது. மண்டபம் செல்லும் பாதை 1902-ல் மானாமதுரை வழியாகச் சென்றது. இரண்டுக்கும் நடுவே அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வண்டியையும், பின்னர் பேருந்தையும் நம்பியிருந்தன. திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி 1896-ல் வீடு துறந்து மதுரையில் ரயில் ஏறினார். அவர் பிறந்த ஊருக்கு ரயில் வர மேலும் 68 ஆண்டுகள் ஆயின.

காமராசர் முதலமைச்சராயிருந்த 1963 செப்டம்பரில் விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு மீட்டர் பாதை திறக்கப்பட்டது. 1964-ல் அது திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரையைத் தொட்டது. மொத்தம் சுமார் 66 கிலோமீட்டர். இடைக்காட்டூர் திரு இருதய ஆலயத்துக்குச் செல்வோர்க்கு மானாமதுரை வரை ரயில் கிடைத்தது. பஞ்ச காலத்தில் பிழைப்புத் தேடிப் போனவர்களையும் அதே ரயில்தான் ஏற்றிச் சென்றது. வழியனுப்பிய தாய்மாரின் கண்ணீரை நம் நிலையங்கள் அறியும்.

அகலப் பாதைப் பணிக்காக ரயில் நின்ற ஆண்டுகளில்தான் அதன் அருமை நமக்குப் புரிந்தது. 2013-ல் அகலப் பாதை திறக்கப்பட்டது. இன்று அருப்புக்கோட்டையில் ஏறிச் சென்னையில் இறங்கலாம். ஆயினும் அருப்புக்கோட்டை வழியாகத் திட்டமிட்ட மதுரை–தூத்துக்குடி புதிய பாதை இன்னும் முடிவடையவில்லை. மீளவிட்டானிலிருந்து மேலமருதூர் வரையிலான பகுதியே முதலில் அமைந்தது. அது முழுமை பெற்றால், வேலைக்காக ஊரைவிட்டே போகாமல் நாள்தோறும் போய்த் திரும்ப நம் இளைஞர் பலருக்கு வழி பிறக்கும்.

அதற்காக ஒன்றுபட்டுக் கேட்போம். கேளுங்கள், கொடுக்கப்படும் என்றவர் நம் ஆண்டவரன்றோ! வெளியூர் சென்ற நம் பிள்ளைகளை அவர் காத்து, ஆண்டுதோறும் திருவிழாவுக்கு நலமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.