6 பவுண்டு சம்பளமும் 115 குற்றச்சாட்டும்

கால்பந்து கிளப் ஒன்று விதியை மீறி ஆட்டக்காரர்களுக்குக் கள்ளத்தனமாகப் பணம் கொடுத்தது. விசாரணை நடந்தது. கணக்குப் புத்தகங்களைத் தோண்டினார்கள். கிளப்பின் பெயர் மான்செஸ்டர் சிட்டி. வருஷம் 2023 என்று நினைத்தால் தப்பு. 1906!

சிட்டி மேல் பிரீமியர் லீக் அடுக்கிய 115 குற்றச்சாட்டுகளைப் பற்றிப் பேசாத கால்பந்து ரசிகரே கிடையாது. அதே கிளப் அதே மாதிரி விஷயத்தில் நூறு வருஷத்துக்கு முன்பே வசமாக மாட்டிய கதைதான் பலருக்குத் தெரியாது. முதலில் அந்தக் கதை.

1901 முதல் இங்கிலாந்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பள உச்சவரம்பு இருந்தது. வாரத்துக்கு 4 பவுண்டு, அவ்வளவுதான். எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் அதற்கு மேல் ஒரு காசு கொடுக்கக் கூடாது, வெற்றி போனஸும் கூடாது. சொன்ன காரணம், பணக்கார கிளப்புகள் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வளைத்துப் போட்டுவிட்டால் சின்ன ஊர்க் கிளப்புகள் என்ன ஆகும் என்பது. (இன்றைக்கும் ஒரு வார்த்தை மாறாமல் இதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்.)

சிட்டியின் நட்சத்திரம் பில்லி மெரிடித். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி, பல்குச்சியை மென்றுகொண்டே ஆடுவார். 1904 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் போல்டனுக்கு எதிரான ஒரே கோல் அவர் அடித்ததுதான். அடுத்த வருஷம் லீக் பட்டத்துக்கும் சிட்டி போட்டியில் இருந்தது. கடைசி ஆட்டம் ஆஸ்டன் வில்லாவுடன், 1905 ஏப்ரலில். சிட்டி 3-2 என்று தோற்றது. தோற்றதோடு முடியவில்லை. "ஆட்டத்தை விட்டுக்கொடு, 10 பவுண்டு தருகிறேன்" என்று வில்லா கேப்டனிடம் மெரிடித் பேரம் பேசினார் என்று புகார் கிளம்பியது. மெரிடித் மறுத்தார். கால்பந்துச் சங்கம் நம்பவில்லை, தடை விதித்துவிட்டது.

இங்கேதான் கதை திரும்புகிறது. தடைக்காலத்தில் மெரிடித்துக்குப் பணம் கொடுக்க சிட்டி மறுத்தது. கடுப்பான மனிதர் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார். தனக்கு வாரம் 6 பவுண்டு கிடைத்தது, மற்றவர்களுக்கும் மேல்வரும்படி உண்டு, போனஸ் உண்டு, இத்யாதி இத்யாதி. கணக்குகளை நோண்டியபோது அத்தனையும் நிஜம் என்று தெரிந்தது.

1906ல் தீர்ப்பு வந்தது. 17 ஆட்டக்காரர்களுக்கு அபராதம், வருஷக் கடைசி வரை தடை, இனி சிட்டிக்காக ஆடவே கூடாது என்ற நிபந்தனை வேறு. மேனேஜர் டாம் மேலிக்கும் முன்னாள் சேர்மனுக்கும் காலவரையற்ற தடை. கிளப்புக்கு 250 பவுண்டு அபராதம். எல்லாக் கிளப்பும் இதைத்தானே செய்கிறது என்று மேலி வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை.

சிட்டி தன் ஆட்டக்காரர்களை விற்றாக வேண்டும். குயின்ஸ் ஹோட்டலில் மற்ற கிளப்புகள் கூடின, கிட்டத்தட்ட ஏலம்தான். ஆனால் பக்கத்து வீட்டு மான்செஸ்டர் யுனைடெட் முந்திக்கொண்டு மெரிடித், சாண்டி டர்ன்புல், பர்ஜஸ், பானிஸ்டர் என நான்கு பேரை அள்ளிக்கொண்டு போய்விட்டது. தடை முடிந்த மறுநாள், 1907 ஜனவரி 1, அவர்கள் யுனைடெட் சட்டையில் இறங்கினார்கள். எதிரணி அதே ஆஸ்டன் வில்லா! மெரிடித் கொடுத்த பந்தில் டர்ன்புல் கோல் போட, 1-0. 1908ல் யுனைடெட் முதல் தடவையாக லீக் சாம்பியன், 1909ல் எஃப்.ஏ. கோப்பை. எல்லாரும் சமமாக இருக்க வேண்டும் என்று போட்ட விதி ஒரு கிளப்பை உடைத்து அடுத்த தெரு கிளப்பைச் சாம்பியன் ஆக்கிய விந்தை இது.

உச்சவரம்பால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஹடர்ஸ்ஃபீல்டு, போர்ட்ஸ்மவுத், பர்ன்லி போன்ற ஊர்கள் அந்தக் காலத்தில் லீக் பட்டம் வாங்கின. ஆனால் விலை கொடுத்தது யார்? ஆட்டக்காரர்கள்தான். இங்கிலாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான டாம் ஃபின்னி பக்கத்தில் பிளம்பர் வேலையும் பார்த்தார். 1952ல் இத்தாலியின் பலெர்மோ கிளப் அவரைப் பெரும் பணத்துக்குக் கேட்டபோது பிரஸ்டன் கிளப் விட மறுத்துவிட்டது. ஸ்டேடியங்கள் நிரம்பி வழிந்த காலத்தில் சம்பளம் 20 பவுண்டைத் தாண்டவில்லை. கடைசியில் ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் என்று மிரட்டியதும் 1961 ஜனவரியில் உச்சவரம்பு போயிற்று. ஃபுல்ஹாமின் ஜானி ஹேன்ஸ் உடனே 100 பவுண்டுக்குத் தாவினார்.

பிறகு நாற்பது வருஷத்தில் டிவி பணம் வெள்ளமாக வந்தது. 2003ல் ரோமன் அப்ரமோவிச் செல்சியை வாங்கினார், 2008ல் அபுதாபியின் ஷேக் மன்சூர் சிட்டியை வாங்கினார். பெரும்புள்ளி பின்னால் இல்லாத கிளப்புகள் அவர்களோடு போட்டி போடக் கடன் வாங்கின. 2001ல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போன லீட்ஸ் 2004ல் கடனோடு கீழே இறங்கியது. 2008ல் எஃப்.ஏ. கோப்பை வாங்கிய போர்ட்ஸ்மவுத் இரண்டே வருஷத்தில் திவால் நடவடிக்கைக்குப் போய் 9 புள்ளிகளை இழந்தது. மான்செஸ்டர் பக்கத்தில் இருக்கும் பரி கிளப் 1894 முதல் லீக்கில் இருந்தது, 1903 கோப்பை இறுதியில் 6-0 என்று ஜெயித்த பெருமை உடையது. 2019ல் அதை லீக்கை விட்டே நீக்கினார்கள். ஊருக்கு ஒரே கிளப். சனிக்கிழமை மதியம் அந்த ஊர்க்காரர்கள் எங்கே போவார்கள்?

இதற்கு மருந்தாகத்தான் ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனமான யூஃபா நிதி நேர்மை விதிகளைக் கொண்டுவந்தது. வரவுக்குள் செலவு செய் என்பதே சாரம். பிரீமியர் லீக்கும் 2013ல் தன் பங்குக்கு மூன்று வருஷத்தில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நட்டம் கூடாது என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரவு யாருக்கு அதிகம்? ஏற்கெனவே பெரிய கிளப்புக்கு. அப்போது புதிதாக ஒருவன் எப்படி மேலே வருவது? சிட்டி தரப்பு இதைத்தான் கேட்கிறது, கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வெளிப்பணம் வந்தால் அது 'நிதி ஊக்கமருந்து' என்று ஆர்சனல் பயிற்சியாளர் வெங்கர் சொன்னதும் நியாயம்தான்.

இனி காமர்ஸ் மாணவர்களுக்குப் பிடித்த பகுதி :-) ஆட்டக்காரரை வாங்கும் விலை முழுவதும் அந்த வருஷ இலாப நட்டக் கணக்குக்குப் போகாது. அவர் ஒரு சொத்து. ஒப்பந்த வருஷங்களுக்குப் பங்கிட்டு எழுத வேண்டும், பிளஸ் டூவில் படித்த அதே நேர்கோட்டு முறை. செல்சி 2023 ஜனவரியில் என்ஸோ ஃபெர்னாண்டஸை 106.8 மில்லியன் பவுண்டுக்கு வாங்கி எட்டரை வருஷ ஒப்பந்தம் போட்டது. 5 வருஷம் என்றால் வருஷச் செலவு 21 மில்லியனுக்கு மேல், எட்டரை என்றால் சுமார் 12.5 தான்! மற்றவர்கள் கூச்சல் போட, அதே வருஷம் யூஃபாவும் பிரீமியர் லீக்கும் 5 வருஷத்துக்கு மேல் பங்கிடக் கூடாது என்று ஓட்டையை அடைத்தன. செல்சி தன் இரண்டு ஹோட்டல்களைத் தன் சகோதர கம்பெனிக்கே 76.5 மில்லியனுக்கு விற்று வரவு காட்டியது தனிக்கதை. சொந்த அகாடமியில் வளர்ந்தவரை விற்றாலோ வாங்கிய விலை பூஜ்யம், வந்ததெல்லாம் லாபம். அதனால் ஊர்ப் பையனைத்தான் முதலில் விற்கிறார்கள்.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மாட்டியதும் இப்படி ஒரு பையனால்தான். இரண்டு வருஷம் கீழ் டிவிஷனில் இருந்ததால் அவர்கள் வரம்பு 35+13+13, மொத்தம் 61 மில்லியன். கணக்கு முடியும் நாள் ஜூன் 30. அதற்குள் பிரென்னன் ஜான்சனை விற்றிருந்தால் நிலைமை எவ்வளவோ மேல். நல்ல விலைக்குக் காத்திருந்து செப்டம்பரில் விற்றார்கள். அதிகப் பணம் வந்தது, ஆனால் அடுத்த வருஷக் கணக்கில். 2024 மார்ச்சில் 4 புள்ளிகள் போயின.

சிட்டிக்கு வருவோம். ஸ்பான்சர் பணம் என்று காட்டியது உண்மையில் முதலாளி பணம் என்று சந்தேகம் கிளப்பிய மின்னஞ்சல்களை 2018ல் ஜெர்மனியின் டெர் ஸ்பீகல் பத்திரிகை வெளியிட்டது. 2020 பிப்ரவரியில் யூஃபா 2 வருஷத் தடையும் 30 மில்லியன் யூரோ அபராதமும் விதித்தது. ஜூலையில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சில குற்றச்சாட்டுகள் நிரூபணமாகவில்லை, சில காலாவதியாகிவிட்டன. ஒத்துழைக்காததற்கு மட்டும் 10 மில்லியன். பிறகு 2023 பிப்ரவரியில் பிரீமியர் லீக் 115 குற்றச்சாட்டுகளைச் சுமத்தியது. பெரும்பாலானவை 2009 முதல் 2018 வரையிலான கணக்குகள் பற்றியவை. சிட்டி எல்லாவற்றையும் மறுத்தது.

ஒன்பது மாதம் கழித்து எவர்ட்டன் சிக்கியது. வரம்பை 19.5 மில்லியன் தாண்டியதற்கு 10 புள்ளிகள் கழிப்பு. அடுத்த உள்ளூர் ஆட்டத்தில் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் லீக்குக்கு எதிரான அட்டைகளைத் தூக்கிக் காட்டினார்கள். எவர்ட்டன் அப்பீல் செய்தது, நான்கைத் திரும்ப வாங்கியது, இன்னொரு வழக்கில் இரண்டை இழந்தது, தட்டுத்தடுமாறி அந்த சீசனையும் முடித்தது. அதற்குள் சிட்டி இரண்டு லீக் பட்டங்களைக் கைப்பற்றியிருந்தது. அதன் வழக்கு விசாரணைக்கு வந்தது 2024 செப்டம்பரில்தான்.