டீசல் அம்பாசடரும் அப்பத்தாவின் ராமேஸ்வரமும்



போன வாரம் நான் போட்ட பழைய கார் படத்தின் கீழே, 1989 பேட்ச் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், அந்த டீசல் அம்பாசடர் கிளம்பினா தெருவே அதிருமே, புகையும் அப்படி. அதிலா குடும்பத்தோட ஊர் ஊரா போனீங்க?" இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. வரலாற்று வாத்தியார் அல்லவா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டி. பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல் தொடங்கியது. பிறகு வங்காளத்தில் உத்தரபாராவுக்கு இடம் மாறியது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை வைத்து 1950களின் கடைசியில் அவர்கள் கொண்டுவந்ததுதான் அம்பாசடர். இருபது வருடத்துக்கு மேல் அது பெட்ரோல் கார்தான். 1970களின் முடிவில்தான் டீசல் எஞ்சினோடு வந்தது. 1489 சி.சி., 37 குதிரைத்திறன். இங்கிலாந்தில் வேன்களுக்கும் படகுகளுக்கும் போட்ட எஞ்சின் அது. இன்றைக்கு உங்கள் பிள்ளைகள் ஓட்டும் சில பைக்குகளுக்கே அதைவிடச் சக்தி அதிகம். அதை வைத்துக்கொண்டு ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரையும் எங்கள் வீட்டு ஆட்கள் பத்துப் பேரையும் இழுக்க வேண்டும்!

அப்படியும் ஜனங்கள் அதை ஏன் வாங்கினார்கள்? விலை. காரின் விலை இல்லை, எண்ணெயின் விலை.

அப்போது பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சமையல் கேஸ் எல்லாவற்றுக்கும் டெல்லிதான் விலை வைக்கும். லாரி, பஸ், வயலில் ஓடும் பம்புசெட், டிராக்டர் எல்லாம் டீசலை நம்பி இருந்தன. டீசல் ஏறினால் அரிசி ஏறும், கத்தரிக்காய் ஏறும். அதனால் டீசலைத் தாழ்த்தியே வைத்தார்கள். பெட்ரோல் பணக்காரன் சாமான் என்று கருதி, அதில் வசூலித்து இதில் ஈடு கட்டினார்கள். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் டீசல், பெட்ரோலில் பாதி விலைகூட இல்லை. விவசாயிக்கும் லாரிக்கும் என்று போட்ட பந்தியில் டீசல் காரும் ஓர் ஓரமாக இலை போட்டு உட்கார்ந்துகொண்டது. நியாயமா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் எங்களைப் போன்ற குடும்பங்கள் காரில் ஊர் பார்த்தது அந்த இலையில் சாப்பிட்டுத்தான்.

பெட்ரோல் அம்பாசடர் வைத்திருந்த பலர், எஞ்சினைக் கழற்றிவிட்டு மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டியதும் இதனால்தான்.

எங்கள் பெரியப்பா வாங்கியது எட்டு வருடம் வாடகைக்கு ஓடித் தேய்ந்த வண்டி. முன் சீட் ஒரே நீளப் பலகை, கியர் ஸ்டியரிங் பக்கத்தில். அதனால் முன்னால் நாலு பேர் உட்காரலாம். பின்னால் ஐந்து பேர், மடியில் பிள்ளைகள் தனி. காலையில் சாவியைத் திருப்பி ஹீட்டரைப் போட்டுச் சில நொடி காத்திருந்துதான் கிளப்ப வேண்டும். டீசல் எஞ்சினில் பொறி போடும் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி அழுத்தியே சூடேற்றி, அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் சூடு ஏறாது. ராத்திரி எங்கே தங்கினாலும் பெரியப்பா சரிவான இடமாகத் தேடி வண்டியை நிறுத்துவார். காலையில் தள்ளிவிட ஆள் குறைவாக இருந்தாலும் பாதகமில்லை.

1991 அரையாண்டு விடுமுறையில் புதுக்கோட்டையிலிருந்து ராமேஸ்வரம் போனோம். அது அப்பத்தாவுக்காகப் போட்ட பயணம்.

அப்பத்தாவின் தம்பி தனுஷ்கோடி ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கியவர். அப்போது அது பெரிய ஊர். சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, அங்கேயே கப்பல் ஏறித் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஊரும் போனது, வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் பயணிகளோடு போனது. தம்பியின் உடல் கிடைக்கவில்லை. அதிலிருந்து அப்பத்தா ரயில் ஏறியதே இல்லை. எங்கள் ஊர் வழியாகவே ராமேஸ்வரம் ரயில் போகும். கடல் மேல் போகிற அந்தப் பாலத்தில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தீவுக்குப் போக வேறு தரைவழி கிடையாது. 14 வருடம் போல வேலை நடந்து, 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி திறந்து வைத்த பிறகுதான் பாம்பனுக்குச் சாலைப் பாலம் வந்தது. பஸ்ஸும் விட்டார்கள். ஆனால் அத்தனை நேரம் காலை மடக்கி உட்கார அப்பத்தாவின் முட்டி இடம் கொடுக்காது.

திருமயம், காரைக்குடி, தேவகோட்டை வழியாகப் போனோம். போக வர 400 கிலோமீட்டர், 30 லிட்டர் டீசல். பெட்ரோல் வண்டி என்றால் எண்ணெய்ச் செலவு மூன்று மடங்கு ஆகியிருக்கும். பெரியப்பா வண்டியையே எடுத்திருக்க மாட்டார். கட்டுச்சோறு புளியோதரையும் தயிர்சாதமும். ராமநாதபுரம் தாண்டியதும் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. டீசல் ஃபில்டரில் கசடு, குழாயில் காற்று அடைத்துக்கொண்டது. நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை போய் எண்ணெய் தெளிவாக வரும் வரை காற்றை எடுக்க வேண்டும். அரை மணி நேரம். இறங்கச் சொன்னபோது அப்பத்தா இறங்கவில்லை. "எறங்குனா திரும்பி ஏற மனசு வராதுடா" என்றார்.

பாம்பன் பாலத்தில் எல்லா வண்டியும் நிற்கும், எல்லோரும் எட்டி ரயில் பாலத்தைப் பார்ப்பார்கள். பெரியப்பா நிறுத்தாமல் ஓட்டினார். அப்பத்தா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கோயில் தரிசனம் முடித்து, தனுஷ்கோடி பக்கம் கார் போகிற மட்டும் போனோம். அதற்கு மேல் மணல். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தது 2017-ல்தான். பாதை முடிந்த இடத்தில் அப்பத்தா இறங்கி, தம்பியின் பெயரை ஒரு தடவை சத்தமாகக் கூப்பிட்டார். கொண்டுவந்த பூவையும் ஒரு கட்டு வெற்றிலையையும் கடலில் விட்டார். தம்பிக்கு வெற்றிலை என்றால் உயிராம். இருபத்தேழு வருடம் கழித்து நடந்தது. திரும்பும்போது முன் சீட்டில் உட்கார்ந்து, காரைக்குடி வரை தம்பியின் சின்ன வயதுக் குறும்புகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். அதுவரை அவர் பெயரை எங்கள் வீட்டில் யாரும் எடுத்தது கிடையாது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு விலை வைக்கும் பழைய ஏற்பாட்டை 2002-ல் கலைத்தார்கள். ஆனாலும் கடிவாளம் டெல்லியிடமே இருந்தது. 2010-ல் பெட்ரோல் விலையை அவிழ்த்துவிட்டார்கள். 2013 ஜனவரியிலிருந்து டீசலை மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 2014 அக்டோபரில் அதையும் சந்தைக்கு விட்டார்கள். அதே 2014 மே மாதம் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. ஒன்றால் மற்றொன்று நடந்ததாக நான் சொல்லமாட்டேன். மாருதி வந்த நாளிலிருந்தே அம்பாசடர் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. 2017-ல் அந்தப் பெயரை மட்டும் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

பெரியப்பாவின் வண்டி அதற்கு வெகு முன்பே எடைக்குப் போய்விட்டது. எண்ணெய், டீ, கோயில் உண்டியல் எல்லாம் எழுதிய அவருடைய கணக்கு நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. உங்கள் வீடுகளிலும் இப்படிப் பயணக் கணக்கு நோட்டுகள் பரணில் கிடக்கும். பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். டீசல் என்ன விலை என்று எழுதிய பக்கம் இருந்தால் அதை முதலில் போடுங்கள்.