இந்தியா கேபிள்கள்

இந்தியா கேபிள்கள் என்பவை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட 'தி இந்து' ஆங்கில நாளிதழ், இரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் அமைப்பிடமிருந்து பெற்று 2011 மார்ச் 15 முதல் வெளியிட்ட அமெரிக்கத் தூதரகக் குறிப்புகள். இந்தியா தொடர்பானவை மட்டும் சுமார் 5,100. அப்போது முதன்மை ஆசிரியர் என். ராம். இதில் பணம் எதுவும் கைமாறவில்லை என்று இதழ் தொடக்கத்திலேயே அறிவித்தது.

தமிழ்நாட்டில் அதிகம் பேசப்பட்டது திருமங்கலம் இடைத்தேர்தல் பற்றிய கேபிள். சென்னைத் துணைத் தூதரகத்திலிருந்து 2009 மே மாதம் சென்றது அது. காலை நாளிதழுக்குள் உறை, உறைக்குள் 5,000 ரூபாய், கூடவே யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்ற சீட்டு என்று விவரித்தது. ஊரே அறிந்த சங்கதிக்கு 'இரகசியம்' என்ற முத்திரை வாஷிங்டனுக்குப் போகும் வழியில்தான் கிடைத்தது! 2011 ஏப்ரல் 13 சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் அது அச்சேறியது.

வெளியிடுவதா என்பதைவிட யார் பெயரை மறைப்பது என்பதே கடினமான முடிவு. அதிகாரிகளிடம் மனம்விட்டுப் பேசியவரின் பெயரை அடுத்து, 'கண்டிப்பாகப் பாதுகாக்கவும்' என்று பல கேபிள்களில் குறிப்பு உண்டு. உயிருக்கு ஆபத்து வரக்கூடியவரின் பெயரை அடித்துவிட்டு அங்கே எக்ஸ் எழுத்துகளை வரிசையாக இடுவது வழக்கமானது. பதவியில் இருப்பவரின் சங்கடம் அந்தக் கணக்கில் சேராது. இன்னொரு சிக்கலும் உண்டு: கேபிள் உண்மையானது என்பதால் அதில் உள்ள செய்தியும் உண்மையாகிவிடாது, தூதரக அதிகாரி கேட்டதை எழுதியிருப்பார், அவ்வளவுதான். 2008 நம்பிக்கை வாக்கெடுப்பில் எம்.பி.க்களின் வாக்குகளை வாங்கப் பணம் தயாராக இருந்ததாகச் சொன்ன கேபிளால் நாடாளுமன்றம் அமளியானபோது, பிரதமர் மன்மோகன் சிங், கேபிளின் நம்பகத்தன்மையை உறுதிசெய்ய இயலாது என்றார்.

பெயர்களை மறைக்கும் இந்தச் சல்லடை நீடிக்கவில்லை. முழுத் தொகுப்பின் கடவுச்சொல் பிரிட்டிஷ் நாளிதழான கார்டியனின் செய்தியாளர்கள் எழுதிய நூலில் அச்சாகிவிட்டிருந்தது. பூட்டிய கோப்பும் இணையத்தில் பரவியிருந்தது. 2011 செப்டம்பர் 2 அன்று விக்கிலீக்ஸ் 2,51,287 கேபிள்களையும் பெயர் மறைக்காமலே வெளியிட்டது. கார்டியன் உள்ளிட்ட கூட்டாளி இதழ்கள் கண்டித்தன. அது நியாயமான கண்டனம்தான், ஆனால் சாவியை அச்சிட்டவர்களுக்கும் அந்தக் கசிவில் பங்கு உண்டு.

இந்தக் கேபிள்கள் அமெரிக்க அரசுடையவை; இந்திய அரசின் ஆவணங்கள் என்றால் 1923ஆம் ஆண்டு அலுவல்சார் இரகசியச் சட்டம் குறுக்கே நிற்கும். 2019இல் ரஃபேல் போர் விமான ஒப்பந்தம் தொடர்பான ஆவணங்களை 'தி இந்து' வெளியிட்டபோது, அவை திருடப்பட்டவை என்று அரசு வாதிட்டது. ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தை நிராகரித்து ஆவணங்களைப் பரிசீலிக்க ஒப்புக்கொண்டது. ரஃபேல் தீர்ப்பு மீதான சீராய்வு மனுக்கள் நவம்பர் 14 அன்று தள்ளுபடியாயின.