திரையில் 404, 500, 504... இந்த எண்களுக்கு என்ன அர்த்தம்? பணம் கட்டும்போது வந்தால் என்ன செய்யணும்?

தேர்வு முடிவு வெளியாகும் நேரம், டிக்கெட் முன்பதிவு தொடங்கும் நேரம், கட்டணம் கட்டக் கடைசி நாள்... சரியா அப்போதுதான் வெப்சைட் படுத்துவிடும். திரையில் ஒரு எண் மட்டும் வந்து நிற்கும். அந்த எண்ணைக் கவனித்தாலே சிக்கல் யார் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

4-ல் தொடங்கினால்...

நாம் அனுப்பிய கோரிக்கையில் சிக்கல் என்று சர்வர் சொல்கிறது.

* 404: நீங்க கேட்ட பக்கம் அந்த முகவரியில் இல்லை. லிங்க் சரியா என்று பாருங்க.
* 429: குறைந்த நேரத்தில் பலமுறை முயற்சி செய்துவிட்டீங்க. கொஞ்சம் பொறுங்க.

5-ல் தொடங்கினால்...

கோளாறு சர்வர் பக்கம். உங்க போனில் குறை இல்லை.

* 500: சர்வருக்குள் எதிர்பாராத கோளாறு.
* 503: கூட்ட நெரிசல் அல்லது பராமரிப்பு வேலை. பிறகு முயற்சி செய்யலாம்.
* 504: இன்னொரு சர்வரின் பதிலுக்குக் காத்திருந்து நேரம் முடிந்துவிட்டது. இதில்தான் கவனம் தேவை. பதில் வரவில்லையே தவிர, பின்னால் வேலை முடிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

நல்ல வெப்சைட் என்ன செய்யும்?

கோளாறே வராத சர்வர் கிடையாது. வரும்போது எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் விஷயம். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு வெப்சைட் 2013 அக்டோபர் 1-ல் தொடங்கியபோது கூட்டத்தில் திணறியது. முதல் நாளில் முழுமையாகப் பதிவு செய்ய முடிந்தது வெறும் 6 பேரால்தான். பிறகுதான், கூட்டம் அதிகமானால் மக்களை வரிசையில் காத்திருக்க வைக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

கோளாறு வந்தாலும் நீங்க நிரப்பிய விவரங்கள் அழியக் கூடாது. என்ன நடந்தது, எப்போது திரும்ப வரலாம் என்று எளிய மொழியில் சொல்ல வேண்டும். உள் தொழில்நுட்ப விவரங்களைத் திரையில் காட்டாமல் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி எண் கொடுத்தால், ஒரே பட்டனை இருமுறை அழுத்தினாலும் பணம் ஒருமுறைதான் போகும். எல்லா வெப்சைட்டும் இப்படிச் செய்வதில்லை.

பணம் போயிடுச்சா?

உடனே மறுபடி பணம் கட்டாதீங்க. முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்க. பணம் கழிந்திருந்தால் பரிவர்த்தனை எண்ணோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க.

ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவுப்படி, யுபிஐ அல்லது கார்டு மூலம் ஆன்லைனில் கட்டிய பணம் கணக்கில் கழிந்தும் வியாபாரிக்கு உறுதியாகவில்லை என்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாள் ஒன்றுக்கு ரூ.100 இழப்பீடு. இதற்காக நீங்க புகார் கொடுக்கும் வரை வங்கி காத்திருக்கக் கூடாது.

அப்படியும் பணம் வரவில்லையா? வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுங்க. 30 நாட்களில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே முறையிடலாம்.