நண்பரா, தரகரா? – பரிந்துரைப் பரிசுகளின் கதை

புதிதாக ஒரு கார் வாங்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் யாரைக் கேட்போம்? ஷோரூம்காரரை அல்ல. ஏற்கெனவே அதே காரை வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவரைத்தான்!

காரணம் எளிது. ஷோரூம்காரருக்கு வண்டி விற்றாக வேண்டும். விளம்பரத்தில் சிரிப்பவருக்குச் சம்பளம் உண்டு. வாங்கியவருக்கோ நாம் வாங்கினாலும் ஒன்றுதான், வாங்காவிட்டாலும் ஒன்றுதான். அவர் காசைக் கொடுத்தாயிற்று, நல்லது கெட்டது இரண்டையும் அனுபவித்தாயிற்று. நம் முடிவால் அவருக்கு லாபமோ நட்டமோ இல்லை. அதனால்தான் அவர் சொல்லை நம்புகிறோம்.

சரி, அவருக்கும் கம்பெனி ஒரு பரிசு கொடுக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? "என் ரெஃபரல் கோடு போட்டு வாங்குங்கள், உங்களுக்கும் லாபம், எனக்கும் லாபம்" என்பதை இன்று எல்லா இடத்திலும் பார்க்கிறோம். இது இணையத்தோடு பிறந்த பழக்கம் அல்ல. இதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. எது சரி, எது தப்பு என்பதையும் அந்த வரலாற்றிலிருந்தே ஓரளவு கற்றுக்கொள்ளலாம்.

வரவேற்பறையில் ஆரம்பம்

அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் 1940களில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களைச் செய்து கடைகளுக்கு அனுப்பினார். கடைகளில் அவை சரியாக விற்கவில்லை. மூடியை எப்படி அழுத்தி மூடுவது என்று யாராவது செய்து காட்டினால்தான் மக்களுக்குப் புரிந்தது. பிரௌனி வைஸ் என்ற பெண்மணி இதையே வீட்டு விருந்தாக மாற்றினார். ஒரு வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள், டப்பாக்களைச் செய்து காட்டுவார்கள், அங்கேயே ஆர்டர் எடுப்பார்கள். இது நன்றாக ஓடவே, 1951-ல் டப்பர்வேர் கடைகளை விட்டு விலகி வீட்டு விருந்துகளையே நம்பியது.

விருந்துக்கு வீட்டைக் கொடுத்த பெண்ணுக்கு ஒரு பரிசு கிடைக்கும். அது வந்திருந்த எல்லோருக்கும் தெரியும்! "இவள் வீட்டில் வாங்கினால் இவளுக்கு ஏதோ கிடைக்கும்" என்று தெரிந்தேதான் வாங்கினார்கள். சிலர் தோழியின் முகத்துக்காகவும் வாங்கியிருப்பார்கள். அதில் ஒரு சங்கடம் இருந்தது உண்மை. ஆனால் ஒளிவுமறைவு இல்லை.

1960களில் இன்னொரு வகை வந்தது. வீடு வீடாகப் போகும் விற்பனையாளர் ஒரு பொருளை அதிக விலைக்குத் தவணையில் விற்பார். "விலையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உங்கள் நண்பர்கள் பெயரைக் கொடுங்கள். அவர்களில் ஒவ்வொருவர் வாங்கும்போதும் உங்களுக்குக் கமிஷன். கடைசியில் உங்களுக்கு இது இலவசம் மாதிரிதான்" என்பார். கையெழுத்துப் போட்டபின்தான் தெரியும், நண்பர்கள் யாரும் வாங்கவில்லை, தவணை மட்டும் மாதாமாதம் வருகிறது என்று. 1968-ல் அமெரிக்க மாநிலங்களுக்காக எழுதப்பட்ட மாதிரிச் சட்டமான சீரான நுகர்வோர் கடன் சட்டம் இதைத் தடை செய்தது. எதிர்காலத்தில் யாரோ வாங்கினால்தான் கிடைக்கும் என்ற பரிசைக் காட்டி ஒரு பொருளை விற்கக்கூடாது என்பதே அதன் சாரம்.

கம்பெனி பணம் கொடுக்காமலே பேசியவர்கள்

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. ஹார்லி-டேவிட்சன் கம்பெனி நெருக்கடியில் இருந்தபோது 1983-ல் தன் உரிமையாளர்களுக்கு ஒரு குழு ஆரம்பித்தது. சேர்ந்து ஊர்வலமாக வண்டி ஓட்டுவது, பழுது பார்ப்பது, அனுபவம் பேசுவது எல்லாம் அங்கே நடந்தன. 1994-ல் சாட்டர்ன் கார் கம்பெனி டென்னசியில் இருந்த தன் தொழிற்சாலைக்கு உரிமையாளர்களை அழைத்தபோது 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து குவிந்தார்கள். இவர்களுக்கு யாரும் தரகு தரவில்லை. பிடித்த பொருளைப் பற்றிப் பேசுவது மனிதருக்கு இயல்பாகவே பிடிக்கிறது!

இணையம் வந்தபின் இந்தக் கூட்டங்கள் அங்கே இடம் மாறின. எந்த வண்டியில் எந்தப் பாகம் சீக்கிரம் கெடும், எந்த சர்வீஸ் சென்டரில் ஏமாற்றுவார்கள் என்பதெல்லாம் உரிமையாளர்கள் ஒருவருக்கொருவர் இலவசமாகச் சொல்லிக்கொண்டார்கள். புதிதாக வாங்குபவருக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

ஆனால் அந்த நம்பிக்கையின் விலை கம்பெனிகளுக்கும் புரிந்துவிட்டது. 1999-2000 வாக்கில் பேபால் போன்ற கம்பெனிகள் புதிதாகச் சேருபவருக்கும் சேர்த்துவிட்டவருக்கும் நேரடியாக டாலர் கொடுத்தன. டிராப்பாக்ஸ் பணத்துக்குப் பதில் இருவருக்கும் கூடுதல் சேமிப்பு இடம் கொடுத்தது. 2001-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் 'டிரெமர்' என்ற பெயரில் லட்சக்கணக்கான பதின்வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து, பொருட்களைப் பற்றி நண்பர்களிடம் பேச வைத்தது. தாங்கள் ஒரு கம்பெனித் திட்டத்தில் இருப்பதை அவர்கள் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2005-ல் இதைப் பற்றி அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்திடம் ஒரு நுகர்வோர் அமைப்பு புகார் செய்தது. கம்பெனிக்கும் பேசுபவருக்கும் உள்ள தொடர்பை மறைப்பது ஏமாற்று ஆகலாம் என்று 2006 டிசம்பரில் ஆணையத்தின் அலுவலர்கள் பதில் எழுதினார்கள். 2009-ல் ஆணையம் தன் வழிகாட்டி நெறிகளைத் திருத்தியது. இணையத்தில் எழுதும் சாதாரண ஆட்களும் பரிசோ பணமோ வாங்கினால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அதில் தெளிவானது.

டெஸ்லா சொல்லித் தரும் பாடம்

இந்த வரலாற்றில் ஒரு பெரிய பரிசோதனை டெஸ்லாவினுடையது. அந்தக் கம்பெனி அப்போது வழக்கமான விளம்பரம் செய்யவில்லை, டீலர்கள் கிடையாது. உரிமையாளர்களின் வாய்ப்பேச்சுதான் அன்று அதன் விளம்பரம். 2015 ஜூலை இறுதியில் ஒரு பரிந்துரைத் திட்டத்தை அறிவித்தது. புதிதாக மாடல் எஸ் வாங்குபவருக்கு 1,000 டாலர் தள்ளுபடி, பரிந்துரைத்தவருக்கு 1,000 டாலர் வரவு. இருவருக்கும் சமம். இதுவரை யாருக்கும் பெரிய மனக்குறை இருக்க முடியாது.

ஆனால் அதற்கு மேலே படிகள் வைத்தார்கள். 5 பேரைக் கொண்டுவந்தால் ஒரு பரிசு, 10 பேர் என்றால் இன்னொன்று. ஒவ்வொரு பிராந்தியத்திலும் முதலில் 10-ஐத் தொடுபவருக்கு ஒரு மாடல் எக்ஸ் இலவசம். இது இனி நன்றிக்கடன் அல்ல, போட்டி!

2017-ல் இன்னொரு மாற்றம். அளவில்லாத இலவச சூப்பர்சார்ஜர் வசதி, மாடல் எஸ் அல்லது எக்ஸ் வாங்கும் புதியவர் ஒருவருடைய கோடு போட்டு வாங்கினால்தான் என்று ஆனது. இதன் விளைவைக் கவனியுங்கள். வாங்குவது என்று ஏற்கெனவே முடிவு செய்தவரும் ஒரு கோடு தேடி அலைய வேண்டும். பக்கத்து வீட்டில் டெஸ்லா இல்லாதவர் என்ன செய்வார்? இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் படும் கோடைப் போடுவார். அந்த ஆள் எந்தப் பரிந்துரையும் செய்யவில்லை. அவரை இவருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே பரிசு, நண்பனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னவரை விட்டுவிட்டு, அதிகம் பேர் பார்க்கும் வீடியோ வைத்திருப்பவரிடமும் செய்தித்தளம் நடத்துபவரிடமும் போய்ச் சேர்ந்தது.

அதே ஆண்டு நவம்பரில் புதிய ரோட்ஸ்டர் காரை அறிமுகப்படுத்தினார்கள். அடிப்படை விலை 2 லட்சம் டாலர். பரிந்துரைகள் ஒரு அளவைத் தாண்டியபின், ஒவ்வொன்றுக்கும் ரோட்ஸ்டர் விலையில் 2 சதவீதம் கழிவு என்றார்கள். கணக்குப் போட்டால் 50-க்கும் மேற்பட்ட பரிந்துரையில் கார் இலவசம். அந்த எண்ணிக்கையைத் தொட்டவர்களும் இருந்தார்கள்.

2019 ஜனவரியில் எலான் மஸ்க் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தார். இது கார்களின் செலவை அதிகமாக்குகிறது என்பது அவர் சொன்ன காரணம். அதாவது அந்த இலவசங்களின் பாரம் எல்லா வாடிக்கையாளர் தலையிலும் விழுந்துகொண்டிருந்தது. அதே மார்ச்சில் சிறிய வடிவில் திட்டம் திரும்பியது: இருவருக்கும் 1,000 மைல் இலவச சார்ஜிங், அத்துடன் கார் பரிசுக்குக் குலுக்கல். ஆனால் 2020-ல் வரும் என்று சொல்லப்பட்ட ரோட்ஸ்டர் 2025 முடியும் வரை யார் கைக்கும் வரவில்லை! பரிசை வென்றவர்கள் அத்தனை வருடமும் அந்தக் கம்பெனியின் கடன்காரர்கள் அல்ல, கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள் மாதிரி. கம்பெனி நன்றாக இருந்தால்தான் அவர்கள் பரிசும் நிஜமாகும்.

வாங்கப்படுவது பொய் அல்ல, மௌனம்

நான் சொல்ல வருவது இதுதான். "ரெஃபரல் பரிசு வாங்குபவர்கள் பொய் சொல்கிறார்கள்" என்று பலர் குற்றம் சாட்டுகிறார்கள். பெரும்பாலும் அது உண்மை இல்லை. தனக்குப் பிடிக்காத காரைப் பிடித்ததாகச் சொல்பவர் குறைவு. 2018 செப்டம்பரில் டெலிவரி மையங்களில் கூட்டம் தாங்காமல் டெஸ்லா திணறியபோது, உரிமையாளர்கள் சம்பளம் இல்லாமல் போய்ப் புதியவர்களுக்கு வண்டியை விளக்கினார்கள். அந்த அன்பு போலி அல்ல.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவர் 8 பேரைச் சேர்த்துவிட்டார், இன்னும் 2 பேர் சேர்ந்தால் பெரிய பரிசு என்று வைத்துக்கொள்வோம். புதியவர் ஒருவர் "கதவு இடுக்கில் சத்தம் வருமாமே, உண்மையா?" என்று கேட்கிறார். நம் ஆளுக்கும் அந்தச் சத்தம் உண்டு. அவர் "இல்லை" என்று பொய் சொல்ல மாட்டார். ஆனால் அந்தக் கேள்வியைக் கடந்து போய்விடுவார். வேறு யாராவது பதில் சொல்லட்டும் என்று இருந்துவிடுவார். இப்படி நூறு பேர் இருந்துவிட்டால், அந்தக் கூட்டத்தில் புகழ் மட்டுமே காதில் விழும். ஒரு பொய்கூட யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனாலும் புதியவர் ஏமாந்திருப்பார்.

இதில் பாதிக்கப்படுவது வாங்கும் புதியவர் மட்டுமல்ல. ஒன்றுமே வாங்காமல், மனதாரப் பாராட்டும் உரிமையாளரையும் "இவருக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்று சந்தேகிக்கிறோம். உழைக்காத சந்தேகம் உழைத்த நல்லெண்ணத்தையும் சேர்த்து அழிக்கிறது. பல உரிமையாளர் குழுக்கள் கோடுகளை ஒரு தனி இடத்தில் மட்டும் போட அனுமதித்ததும், சில குழுக்கள் அடியோடு தடை செய்ததும் இதனால்தான்.

அப்படியென்றால் பரிசே தப்பா?

அப்படிச் சொல்ல முடியாது. 2011-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, ஜெர்மனியில் ஒரு வங்கியின் சுமார் 10,000 வாடிக்கையாளர்களைப் பார்த்தது. பரிந்துரையால் வந்தவர்கள் மற்றவர்களைவிட அதிக காலம் அந்த வங்கியில் தங்கினார்கள் என்று கண்டது. தனக்கு ஏற்ற இடத்தை நண்பர் காட்டினார் என்பதுதானே அதன் பொருள்? ஆள் அறிந்து சொல்லும் பரிந்துரையால் மூவருக்கும் நன்மை உண்டு.

நம் ஊரில் வீட்டுத் தரகர் இருக்கிறார், மாட்டுத் தரகர் இருக்கிறார், கல்யாணத் தரகர் இருக்கிறார். அவர்களை யாரும் அயோக்கியர் என்று சொல்வதில்லை. அவர் தரகர் என்று நமக்குத் தெரியும், அதற்குத் தக்கபடி அவர் பேச்சை எடை போடுகிறோம். நண்பர் வேடத்தில் தரகர் வரும்போதுதான் தராசு கெடுகிறது. இந்தியாவிலும் 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிகள், பணமோ பரிசோ வாங்கிக்கொண்டு பொருளைப் பரிந்துரைப்பவர் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கின்றன.

இந்த வரலாற்றைப் படித்தபின் எனக்குத் தோன்றும் நியாயமான விதிகள் நான்கு:

1. கோடு கொடுக்கும் அதே வாக்கியத்தில் "இதனால் எனக்கு இன்னது கிடைக்கும்" என்று சொல்ல வேண்டும்.
2. பரிசு இருவருக்கும் சமமாக இருக்க வேண்டும்.
3. பரிசு சிறியதாக, படிகளும் போட்டிகளும் இல்லாததாக இருக்க வேண்டும். "இன்னும் ஒரே ஒருவர்" என்ற நிலைதான் மனிதரை மாற்றுகிறது.
4. கோடு இல்லாமல் வருபவருக்கு ஒரு முக்கிய வசதியையே மறுக்கக் கூடாது.

இவற்றில் மூன்று விதிகள் கம்பெனியின் கையில் இருக்கின்றன. முதல் விதி மட்டும் நம் கையில். டப்பர்வேர் விருந்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குத் தெரிந்திருந்த உண்மை, இன்று நம்மிடம் கேள்வி கேட்கும் முகம் தெரியாத நண்பருக்கும் தெரிய வேண்டாமா? அவர் கேட்பதற்கு முன்பே நாம் சொல்லிவிட்டால் போதும். அதன் பிறகு வாங்குவதும் வாங்காததும் அவர் விருப்பம்.