கூட்டெழுத்தின் தேய்வு

விருஷபதேவர் தம் மகள் பிராமிக்கு வலக்கையால் எழுத்தையும், சுந்தரிக்கு இடக்கையால் எண்ணையும் கற்பித்தார் என்பது ஜைன மரபு. எழுத்தும் எண்ணும் முதலில் கையின் அசைவாகவே கற்பிக்கப்பட்டன என்னும் கருத்து அந்தக் கதைக்குள் இருக்கிறது. பனையோலை வழங்கிய காலம் முழுதும் தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகள் இதை நடைமுறையாகவே வைத்திருந்தன. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதும். கை தேர்ந்த பிறகே எழுத்தாணி கிடைக்கும்.

கிளிஞ்சலும் மணலுமாகிய கரையில், பெயரிலேயே கிளிஞ்சலைத் தாங்கி நிற்கும் ஊர் காரைக்காலின் கிளிஞ்சல்மேடு. அதற்கு வடக்கே, சில மணி நேரம் நடந்தால் எட்டக்கூடிய தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கினார் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு. தமிழ் கற்பதற்காகத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். கிடைக்காதவற்றைப் படியெடுக்க ஏடெழுதுவோரை அமர்த்தினார். சில ஆண்டுகளில் அவர் இருந்த ஊருக்கே அச்சுப்பொறி வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துருக்கள் அளவில் பெரியனவாக இருந்ததால், சிறியவை தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. ஆகவே தமிழ்க் கையெழுத்தைத் தளர்த்திய முதல் பொறி கணினி அன்று. அதற்கு முன்னோடி ஒன்று முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே கரையில் சுழன்றுகொண்டிருந்தது.

அச்சு செய்தது என்ன என்பதை அறிய, ஏட்டெழுத்து எப்படி எழுதப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். இடக்கையில் ஓலை, வலக்கையில் எழுத்தாணி. இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் சிறு வெட்டு ஒன்றிட்டு, எழுத்தாணியின் கூரை அதில் தாங்கி, ஓலையை நகர்த்தி நகர்த்தி எழுதுவர். எழுத்தாணியிலும் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என வகைகள் உண்டு. சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதில்லை. ஓலையின் நரம்பைக் கிழிக்கும் என்பதால் புள்ளியைத் தவிர்த்தனர். ஒன்றை எழுதிக் கையை எடுக்காமலே அடுத்ததைத் தொடங்குவதால் எழுத்துகள் ஒன்றோடொன்று கூடின. பிற்காலத்தில் காகிதத்தில் எழுதிய கணக்கர்களும் பத்திர எழுத்தர்களும் இந்த ஓட்டத்தை இன்னும் விரைவாக்கினர். கூட்டெழுத்து என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

படிப்பவருக்கு இது எளிதாக இருந்ததில்லை. ஏட்டில் எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு இல்லை. ஒகர ஓகாரங்களுக்கும் இல்லை. 'எரி'யும் 'ஏரி'யும் ஒன்று போலவே இருக்கும். 'கொலை' என்று எழுதியிருப்பதைக் 'கோலை' என்றும் படிக்கலாம். புள்ளி இல்லாததால் 'கல்வி' கண்ணுக்குக் 'கலவி'யாகத் தெரியும். (ஏடு படித்த பழைய ஆசிரியர்கள் இதைச் சொல்லி மாணவர்களைச் சிரிக்கவைத்திருக்கக் கூடும்.) ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். எகர, ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும் ஓலை அதை ஏற்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்து நெடிலைப் பிரித்துக் காட்டினார். அந்த வேறுபாட்டை எங்கும் நிலைநிறுத்தியது அச்சு. இவ்வளவு மயக்கத்தையும் கடந்து ஏடு படித்தவர்கள் கண்ணால் மட்டும் படிக்கவில்லை. நூலை ஏற்கெனவே செவிவழி அறிந்திருந்ததால் படித்தார்கள்.

இதற்குக் காரைக்காலுக்கு மேற்கே கும்பகோணத்தில் நிகழ்ந்ததைவிடச் சிறந்த சான்று இல்லை. 1880-இல் சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்தார். தமிழ் இலக்கணம் முழுதும் பயின்றிருந்த அவருக்கே அந்நூலின் சமயச் செய்திகள் புலப்படவில்லை. ஊரிலிருந்த ஜைனர் இல்லங்களை நாடிச் சென்றபோதுதான், அங்கே சிந்தாமணி மாதக்கணக்கில் முறையாகப் படிக்கப்பட்டு, முடிவில் பூஜையோடு நிறைவு செய்யப்படுவதைக் கண்டு வியந்தார். வெளியுலகம் மறந்துவிட்ட நூல் ஒரு வீட்டில் அன்றாடப் பாராயணமாக இருந்தது. ஜைன அன்பர்கள் அவருடைய ஐயங்களைத் தீர்த்தனர். வீடூர் அப்பாசாமி நயினார் போன்றோர் துணை நின்றனர். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. அந்த வெற்றியில் ஒரு முரணும் உண்டு. அச்சுப்படி கைக்கு வந்தபின், ஏட்டைப் படிக்கும் தேவை வீட்டிலும் குறைந்தது.

அதற்கு முன்பு, சாஸ்திர தானம் என்பது படியெடுத்துக் கொடுத்தலே. நோன்பு நிறைவேறினால் ஒரு நூலை எழுதுவித்து ஜினாலயத்துக்கோ துறவியர்க்கோ அளிப்பர். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டின் அத்திமப்பை, பொன்னகவியின் சாந்திபுராணத்துக்கு ஆயிரம் படிகள் எழுதுவித்தார் என்பது இம்மரபின் புகழ்பெற்ற நிகழ்ச்சி. தமிழ் ஜைனர் வடமொழி, பிராகிருத நூல்களைக் கிரந்த எழுத்தில் எழுதினர். ஸ்ரீபுராணம் போன்ற மணிப்பிரவாள நூல்களில் கிரந்தமும் தமிழும் ஒரே வரியில் கலந்து வரும். ஆகவே ஒரு ஜைனக் குடும்பத்துச் சுவடிக் கட்டைப் பிரிப்பவர் இரண்டு எழுத்துமுறைகளை அறிந்திருக்க வேண்டும். மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்துச் சுவடிகளுக்கும், கும்பகோணம், மன்னார்குடி, தீபங்குடி, கரந்தை எனக் காவிரிப் படுகை ஊர்களில் ஜைன வீடுகளில் எஞ்சியிருக்கும் கட்டுகளுக்கும் இது பொருந்தும்.

காரைக்காலுக்கு இன்னொரு கையெழுத்தும் உண்டு. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இவ்வூர் 1954 வரை அவர்கள் ஆட்சியில் இருந்தது. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் பிரெஞ்சு மொழியில், எழுத்தர்களின் சாய்வான தொடரெழுத்தில் எழுதப்பட்டன. 1962 ஆகஸ்டு 16-இல் ஒப்படைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியோருக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. பின்னர் குடியுரிமை கோரிய பல குடும்பங்களுக்குப் பாட்டனார் பெயர் எந்தப் பக்கத்தில், எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்பதே வழக்கானது. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஒவ்வோர் எழுத்தர் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார். ஒரு சுழிப்பைத் தவறாகப் படித்தால் தந்தை வேறு, மகன் வேறு என்றாகிவிடும்.

நிலப் பத்திரங்களிலும் இதே இடர்தான். பழைய எழுத்தர் 'மேற்படி' என்பதற்கு ௸ இட்டார். வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳. எண்கள் க, உ, ரு, எ, அ போன்ற வடிவங்களில் நடந்தன. 'அ' எட்டு, 'ய' பத்து. கால் என்பது 'வ' போன்ற குறி. அதற்குக் கீழே மா, காணி, முந்திரி என்று இறங்கும் பின்னங்கள். முந்திரி என்றால் 320-இல் ஒன்று. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்று நிலம் அளந்த நாட்டில், இப்பின்னங்களில் ஒன்றைத் தவறவிட்டால் வரப்பு இடம்பெயரும். கோயில் நிலத்தின் மூலப்பத்திரத்தை வைத்திருக்கும் அறங்காவலர்கள், அதை வாசித்துத் தரக்கூடிய முதிய பத்திர எழுத்தரைத் தேடி அலைவது புதுமையான காட்சி அன்று. அந்த முதியவரும் போய்விட்டால் பத்திரம் இருக்கும். நிலத்தின் எல்லையைச் சொல்ல அதனால் முடியாது.

1978-இல் தமிழக அரசு, பெரியார் 1935 முதல் குடிஅரசில் கையாண்ட வடிவங்களை ஒட்டி, ணா, றா, னா, ணை, லை முதலிய பதின்மூன்று எழுத்துகளைச் சீராக்கியது. அச்சுக் கோப்பவருக்கும் தட்டச்சருக்கும் பெருநன்மை. அதன் மறுபக்கமாக, தும்பிக்கை வைத்த 'லை'யில் பாட்டி எழுதிய கடிதத்தைப் பார்க்கும் பேரன் ஒரு கணம் தயங்குகிறான். 1999-இல் தமிழ்99 விசைப்பலகை ஏற்கப்பட்டது. ஆயினும் இன்று பலர் ஆங்கில விசைகளைத் தட்டியே தமிழை வரவழைக்கிறார்கள். வாயால் சொல்லி எழுதுவிப்பவர்களும் பெருகிவிட்டனர். பள்ளியில் இரட்டைக்கோட்டு நோட்டு எஞ்சியிருக்கிறது. அதில் எழுதுவதும் அச்சைப் பார்த்து வரையும் தனித்தனி எழுத்துகளே. தமிழ்க் கூட்டெழுத்தை எந்தப் பாடத்திட்டமும் நீக்கவில்லை, எதிலும் அது இருந்ததில்லை என்பதால். கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து பழகிய கலை, கணக்குப்பிள்ளையோடு போயிற்று. அமெரிக்காவில் பாடத்திட்டத்திலிருந்து விடுபட்ட ஆங்கிலத் தொடரெழுத்தைக் கலிபோர்னியா 2023-இல் சட்டமியற்றி மீட்டது. பிரெஞ்சுப் பள்ளிகள் அதை விடவே இல்லை. இங்கே மீட்பதற்கு முதலில் அப்படி ஒன்று இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கணினியை இதில் குற்றவாளி ஆக்குவது முறையன்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கிய காரைக்கால் ஊர்களுள் கிளிஞ்சல்மேடும் ஒன்று. கடல் வீட்டுக்குள் வரும்போது காகிதத்தை விட்டுவைப்பதில்லை. அலுவலகத்தில் மறுபடி உள்ள சான்றிதழை மீண்டும் அச்சிட்டு வாங்கலாம். ஒருவர் கைப்பட எழுதிய கணக்கு நோட்டுக்கு மறுபடி இல்லை. கையெழுத்து ஒன்றே ஒன்றாக இருப்பதே அதன் பெருமையும் ஆபத்தும். ஓலைகளைப் படமெடுத்து வைக்கும் இன்றைய பணி, சாஸ்திர தானத்தின் நேர் வாரிசு என்றே சொல்லலாம்.

கணினியின் எழுத்துத் தொகுதியான ஒருங்குறியில் ௳ முதல் ௺ வரையான குறிகள் 2003-இல் இடம்பெற்றன, கிரந்தம் 2014-இல், முந்திரி முதலான பின்னக் குறிகள் 2019-இல். கையால் எழுதத் தெரிந்தவர்கள் அருகிவிட்ட நேரத்தில் கருவி அவற்றைக் கற்றுக்கொண்டது. ஆனால் குறிக்கு இடம் கிடைத்ததால் சுவடி வாசிக்கப்பட்டுவிடாது; ஓலையின் படத்தைக் கண்டு, இது கொலையா கோலையா என்று முடிவு செய்ய ஆள் வேண்டும்.

ஆண்டுதோறும் ஜேஷ்ட மாத வளர்பிறை ஐந்தாம் நாளில் வரும் சுருத பஞ்சமியன்று, புஷ்பதந்தரும் பூதபலியும் ஆகமத்தை எழுத்தில் நிறைவு செய்ததை நினைந்து, ஜினாலயங்களில் சுவடிகளை வெளியே எடுக்கிறார்கள். துடைத்து, புதிய துணியில் சுற்றி, பூஜை செய்து, மீண்டும் பெட்டியில் வைக்கிறார்கள். கட்டை அவிழ்த்து முதல் ஓலையை வாய்விட்டுப் படிக்கக்கூடியவர் ஓர் ஊரில் ஒருவர் இருந்தாலும், அவரருகே ஓர் இளைஞரை அன்று உட்கார வைப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஓலை, அவர் விரல், பிறகு அந்த இளைஞரின் கையில் ஒரு தாள்.