விளையாட்டும் கருவியும்

பெங்களூரிலும் புணேயிலும் ஹைதராபாத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் ஒருவரேனும் உண்டு. வேலைக்கு நடுவே அவர்தம் திரையில் விளையாட்டு ஒன்று தென்படின் பெரியோர் முகம் சுளிப்பது இயல்பே. ஆயினும், அத்தொழிலின் சரித்திரத்தை நோக்குமிடத்து, அவசரத் தீர்ப்பு தகாது என்பது புலனாகும்.

1969ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் மல்டிக்ஸ் என்னும் பெருந்திட்டத்தினின்று விலகிக்கொண்டது. அங்குப் பணியாற்றிய கென் தாம்ஸன், சூரிய மண்டலத்துக் கோள்களிடையே கலம் ஓட்டும் 'விண்வெளிப் பயணம்' என்னும் விளையாட்டை எழுதியிருந்தார். பெரிய யந்திரத்தில் அதனை ஒருமுறை ஆடுவதற்குக் கணக்கிடப்பட்ட செலவு சுமார் 75 டாலர்! எனவே, அதிகம் பயன்படாதிருந்த பிடிபி-7 என்னும் சிறிய யந்திரத்தை அவர் நாடினார். டென்னிஸ் ரிட்சியும் துணைநின்றார். பெரிய யந்திரத்தில் நிரலை ஆயத்தம் செய்து, காகித நாடாவில் துளையிட்டு, சிறிய யந்திரத்திற்குச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது.

அந்தச் சிரமமே ஆசானாயிற்று. யந்திரத்தின் நுட்பங்கள் கைவந்தன. முன்னரே தாளில் வகுத்திருந்த கோப்பு முறையைத் தாம்ஸன் அதில் இயக்கிப் பார்த்தார். தொகுப்பான் முதலிய துணைக்கருவிகளும் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தன. காகித நாடாவின் தயவும் நீங்கியது. அவ்வாறு உருவானதே யூனிக்ஸ். அதன் வழிவந்த அமைப்பையுடைய லினக்ஸ், இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் இயங்குகிறது. விளையாட்டு ஒன்றே யூனிக்ஸைப் பெற்றது என்பது மிகை. நல்லதோர் அமைப்பு வேண்டுமென்ற வேட்கை முன்னமே இருந்தது. அவ்வேட்கைக்குக் கைப்பழக்கம் தந்தது விளையாட்டு.

நிரலாளர் பலர் கையாளும் ஈமாக்ஸ் என்னும் எழுதுகருவியினுள் டெட்ரிஸ் ஆட்டம் உண்டு. மனநல மருத்துவர்போல் உரையாடும் நிரலும் உண்டு. இது, 1966இல் ஜோசப் வைஸன்பாம் வெளியிட்ட எலிஸாவின் வழியில் அமைந்தது. இவ்விரண்டும் பெயர் சொல்லி அழைத்தாலன்றி எழுந்து வாரா.

இன்றோ, அழையாமலே மணியடிக்கும் செய்திகளும் அறிவிப்புகளும் பணித்திரையில் புகுந்துவிட்டன. அவற்றை விளையாட்டென்று எவரும் கடிவதில்லை. வேலையின் பகுதியென்றே மதிக்கின்றனர். எனினும், ஒருமுறை அறுந்த சிந்தனை இழையை மீண்டும் முடிவது எத்துணை அரிது என்பதை, வாக்கியத்தின் நடுவே எழுப்பப்பட்ட மொழிபெயர்ப்பாளனும் அறிவான்.

ஆதலின், பிள்ளையின் திரையில் விளையாட்டைக் கண்டவுடன் கடிந்துரைக்க வேண்டா. அதனை அவர் அழைத்தாரா, அல்லது அது அவரை அழைத்ததா என்று மட்டும் கேளுங்கள்.